செப்டிக் டேங்குக்கு எதற்கு சட்டம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: வீட்டு செப்டிக் டேங்க், அதிலிருந்து நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும் நைட்ரஜன், அதைக் குறைக்க அமெரிக்க மாநிலங்கள் போட்டிருக்கும் சட்டங்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கே வீடு வாங்கியவர்கள், அல்லது அவர்களைப் பெற்றவர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேரிலாந்தில் இருக்கிறோம். தண்ணீர் பில்லில் மாதம் ஐந்து டாலர் ‘பே ரெஸ்டோரேஷன்’ என்று ஒரு கட்டணம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் ‘ஃப்ளஷ் டாக்ஸ்’ என்கிறார். கழிப்பறைக்கெல்லாமா வரி போடுவார்கள்?
– வாசகர், ஃபிரடெரிக்

ஆமாம், கழிப்பறைத் தண்ணீருக்குத்தான். அந்த ஐந்து டாலர் எங்கே போகிறது என்று தெரிந்தால் உங்களுக்குக் கோபம் குறையும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பில்லில் வரும் ‘பே’ உங்கள் மாநிலத்தை ஒட்டிய செசபீக் விரிகுடாதான். அது பார்வைக்குப் பெரியது, ஆனால் ஆழம் குறைவு, சராசரியாக 21 அடிதான். அதற்குள் வந்து விழும் தண்ணீரோ நியூயார்க், பென்சில்வேனியா, டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா என்று ஆறு மாநிலங்களிலிருந்தும் வாஷிங்டன் நகரத்திலிருந்தும் வருகிறது. இத்தனை பெரிய நிலப்பரப்பில் இருந்து வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இந்த ஆழமில்லாத தண்ணீரில் சேரும்போது பாசி கண்டபடி வளர்கிறது, வெயில் படாமல் அடியில் உள்ள கடற்புல் சாகிறது, அப்புறம் அந்தப் பாசியே செத்து அடியில் போய் அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு கோடையிலும் அங்கே நண்டும் மீனும் இருக்க முடியாத இடங்கள் உண்டாவது இதனால்தான். தப்பி ஓட முடியாத சிப்பிக்கு இன்னும் மோசம்.

இதற்காக 2004இல் மேரிலாந்து சட்டமன்றம் விரிகுடா மீட்பு நிதி என்று ஒன்றை உருவாக்கியது. கையெழுத்துப் போட்டவர் ராபர்ட் எர்லிக், குடியரசுக் கட்சி ஆளுநர். புதிய கட்டணம் என்றாலே எதிர்க்கும் கட்சியைச் சேர்ந்தவர் இதை முன்னின்று கொண்டுவந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் வீட்டுக்கு மாதம் இரண்டரை டாலர். 2012இல், மார்ட்டின் ஓமாலி ஆளுநராக இருந்தபோது, அது இரண்டு மடங்காகி இப்போது நீங்கள் கட்டுகிற ஐந்து டாலர் ஆனது.

பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடுகளின் பணம் மாநிலத்தின் 67 பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தப் போகிறது. வெளியே விடும் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் நைட்ரஜன், 0.3 மில்லிகிராம் பாஸ்பரஸ், இதுதான் குறி. பழைய முறை நிலையங்களிலிருந்து வெளிவந்த தண்ணீரில் நைட்ரஜன் இதைப்போல் பல மடங்கு இருந்தது. பொதுவாக வரி கட்டினால் பணம் பொதுக் கஜானாவில் கலந்து காணாமல் போகிறது என்ற மனக்குறை எல்லோருக்கும் உண்டு. இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு, தனி வேலை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த அம்சம் அதுதான்.

அனாபொலிஸ் பக்கம், தண்ணீரை ஒட்டி ஒரு வீடு பார்த்திருக்கிறோம். செப்டிக் டேங்க்தான். சோதித்துப் பார்த்தவர் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் டேங்கை என்றைக்கு மாற்றினாலும் நைட்ரஜன் நீக்கும் கருவி வைத்தே ஆக வேண்டுமாம். நன்றாக வேலை செய்கிற டேங்க் மீது எதற்கு இந்தக் கெடுபிடி?
– வாசகி, மேரிலாந்து

இந்த இதழின் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

“நன்றாக வேலை செய்கிறது” என்று அவர் எழுதிக் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்? கழிவு பின்னோக்கி வரவில்லை, முற்றத்தில் தண்ணீர் ஊறி நிற்கவில்லை, நாற்றம் இல்லை. அவ்வளவுதான். டேங்கில் கசடு அடியில் படிகிறது, எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது, நடுவில் உள்ள தண்ணீர் ஓட்டைக் குழாய்கள் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. மண் கிருமிகளை நன்றாகவே பிடித்துவிடும். பாஸ்பரஸையும் பல இடங்களில் பெருமளவு பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரஜன் கதை வேறு. டேங்கில் அது அம்மோனியமாக இருக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்.

ஒரு ஆள் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜனைக் கழிக்கிறார், அதில் பெரும்பங்கு சிறுநீரில். சாதாரண செப்டிக் டேங்க் இதில் பெரும்பகுதியை நிலத்தடி நீருக்கு அனுப்பிவிடுகிறது, அதுவும் எந்தப் பழுதும் இல்லாத நிலையில். அதாவது உங்கள் டேங்கைக் கட்டியவரும் தப்பு செய்யவில்லை, பராமரித்தவரும் தப்பு செய்யவில்லை. அந்த டேங்க் நைட்ரஜனுக்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. தனி ஆள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இது தீராது என்பதால்தான் சட்டம் தேவைப்பட்டது. மேரிலாந்தில் மட்டும் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் செப்டிக் டேங்குகள் இருக்கின்றன, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடல் ஏற்றவற்றம் வந்துபோகும் நீர்க்கரையிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கும் நிலத்தை மேரிலாந்தில் கிரிட்டிகல் ஏரியா என்று தனியாக வரையறுத்திருக்கிறார்கள். அங்கே புதிதாக வைக்கிற, அல்லது மாற்றி வைக்கிற செப்டிக் அமைப்பு எதுவானாலும் நைட்ரஜன் நீக்கும் வசதியோடு இருக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது. நீங்கள் பார்க்கும் வீடு அந்த எல்லைக்குள் வருகிறது போலிருக்கிறது. இந்தக் கருவிகள் செய்கிற வேலை எளிமையானதுதான்: முதலில் காற்றை ஊதி அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கி, பிறகு காற்றில்லாத அறையில் நுண்ணுயிர்களை விட்டு அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. நாம் மூச்சுவிடும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அந்த வாயுதான், அதனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. சாதாரண டேங்கோடு ஒப்பிட்டால் நைட்ரஜன் ஏறத்தாழ பாதியாகிறது.

செலவு பல ஆயிரம் டாலர் ஆகும் என்பது உண்மை. செப்டிக் வீடுகளும் அதே மீட்பு நிதிக் கட்டணத்தை, ஆண்டுக்கு 60 டாலர், கட்டுகின்றன. அதில் 60 சதவீதம் இந்த மாதிரி டேங்குகளை மாற்ற மானியமாகப் போகிறது. கரையோரத்தில் பழுதாகிப்போன டேங்குகளுக்குத்தான் முதல் முன்னுரிமை. உங்களுடையது பழுதாகாததால் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியிருக்கலாம், உங்கள் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில் கேளுங்கள். வீட்டு விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்துப் பேசுங்கள். இன்னொன்று, கருவியை வைத்த பிறகு கரண்ட் பில்லுக்குப் பயந்து அந்தக் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நீங்கள் இத்தனை செலவு செய்து வைத்தது வெறும் செப்டிக் டேங்காகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சான்று பெற்றவரைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே விதி.

மகன் ஃபுளோரிடாவில் வீரோ பீச் அருகே வீடு வாங்கி நாலு வருடம் ஆகிறது. 2030க்குள் செப்டிக் டேங்கை மாற்ற வேண்டும் என்கிறார்களாம். கடன் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் மேல் இப்படிச் சுமத்துவது என்ன நியாயம்?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் ஆதங்கம் சரியானதே. சட்டத்தின் நோக்கமும் சரியானதே. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபுளோரிடாவில் சுமார் 26 லட்சம் செப்டிக் டேங்குகள் இருக்கின்றன. நிலமோ மணலும் சுண்ணாம்புக்கல்லும், மேலே ஊற்றினால் கீழே இறங்கிவிடும். 2010இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு செப்டிக் டேங்கையும் சோதிக்க வேண்டும், செலவு வீட்டுக்காரருடையது. கிராமப்புற மக்கள் கொதித்துப்போனார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள், வண்டி வீடுகளில் இருப்பவர்கள், பழுதே இல்லாத டேங்குக்கு எதற்குப் பணம் என்று கேட்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வருவதே தள்ளிப்போய் 2012இல் ரத்தாகிவிட்டது. மேரிலாந்து பணத்துக்கு வழி செய்துவிட்டு விதியைக் கொண்டுவந்தது, ஃபுளோரிடா விதியை மட்டும் கொண்டுவந்தது. என் பார்வையில் முதல் சட்டம் நின்றதற்கும் இரண்டாவது விழுந்ததற்கும் பெரிய காரணம் இதுவே.

அதற்குப் பிறகு நடந்தது வேதனையானது. உங்கள் மகன் வீட்டுப் பக்கம் ஓடும் இந்தியன் ரிவர் பெயரில்தான் ஆறு, உண்மையில் அது 156 மைல் நீளமுள்ள காயல். 2011இல் அங்கே பாசி பெருகி தண்ணீர் கலங்கியது, திரும்பத் திரும்பக் கலங்கியது, பத்தாண்டுக்குள் கடற்புல்லில் பாதிக்கும் மேல் போய்விட்டது. அந்தப் புல்லை மேய்ந்து வாழ்வது மனாட்டி என்ற பிராணி. நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவின் உறவுக்காரி. 2021இல் மட்டும் ஃபுளோரிடாவில் 1,100 மனாட்டிகள் செத்தன, அட்லாண்டிக் கரையில் பெரும்பாலானவை பட்டினியால். அந்தக் குளிர்காலத்தில் அரசு ஊழியர்கள் லெட்யூஸ் கீரையைத் தண்ணீரில் போட்டு அவற்றுக்குச் சோறு போட்டார்கள்.

இதற்கு செப்டிக் டேங்க்தான் காரணமா, நிலத்து உரம்தானே என்று வாதாடியவர்கள் உண்டு. ஹார்பர் பிராஞ்ச் ஆய்வு நிலையத்தின் பிரையன் லாபாயின்ட் நீண்ட காலமாக இதைத் தோண்டி வருகிறார். அவர்கள் தேடிய தடயங்களில் ஒன்று சுக்ரலோஸ், அதாவது சர்க்கரைக்குப் பதில் போடுகிற இனிப்பு. அது மனித உடம்பில் செரிக்காமல் அப்படியே வெளியே வரும், எளிதில் சிதையவும் செய்யாது. உரமூட்டையில் இருக்க வாய்ப்பில்லை. காயல் தண்ணீரில் அது இருந்தால் அது வந்த வழி வீட்டுக் கழிவுநீர்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2020இல் தூய நீர்வழிகள் சட்டம் வந்தது. அதன்படி செப்டிக் டேங்குகளின் பொறுப்பு சுகாதாரத் துறையிடமிருந்து சுற்றுச்சூழல் துறைக்கு 2021 ஜூலையில் மாறியது. வெறும் நிர்வாக மாற்றம் போலத் தோன்றும், அப்படியில்லை; சுகாதாரத் துறை முக்கியமாகப் பார்த்தது நோய்க்கிருமியை. பிறகு 2023இல் வந்த சட்டம்தான் உங்கள் மகனைத் தொடுகிறது: இந்தியன் ரிவர் காயல் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் ஏற்கெனவே உள்ள செப்டிக் டேங்குகள் எல்லாம் 2030 ஜூலை 1க்குள் பாதாளச் சாக்கடையில் இணைய வேண்டும்; அந்த வசதி இல்லாத இடத்தில் குறைந்தது 65 சதவீதம் நைட்ரஜனைக் குறைக்கும் அமைப்புக்கு மாற வேண்டும்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அவசரப்பட்டு இப்போதே யாரோ ஒரு கம்பெனிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். தன் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரும் திட்டம் இருக்கிறதா என்று கவுன்டியில் எழுத்தில் கேட்டு வாங்கட்டும், ஏனென்றால் இன்று புதுக் கருவி வைத்துவிட்டு மூன்றாம் வருடம் குழாய் வந்தால் இரட்டைச் செலவு. மானியம் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்கலாம். வடக்கே பக்கத்து கவுன்டியான பிரிவார்டில் 2016இல் மக்களே வாக்களித்து விற்பனை வரியில் அரை சென்ட் கூடுதலாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள், காயலைக் காப்பாற்றுவதற்காக. அந்த மாதிரி எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் வீட்டுக்காரர் தலையில் முழுச் சுமையும் விழுவதில்லை.

வீட்டுக்காரனைப் பிடிக்கிறார்கள், பெரிய பண்ணைகளை விட்டுவிடுகிறார்கள். செசபீக்கில் செப்டிக் பங்கு எவ்வளவு, விவசாயத்தின் பங்கு எவ்வளவு?
– கல்லூரி மாணவர், சென்னை

விவசாயம்தான் முதலிடம், செப்டிக் அதன் பக்கத்தில் சிறியது. நீங்கள் கேட்பது சரியான கேள்வி. பென்சில்வேனியாவின் பண்ணைகளில் இருந்து வருவதைக் குறைக்காமல் விரிகுடா தேறாது.

ஆனால் முழுக்க விட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மேரிலாந்து செப்டிக் கட்டணத்தில் மீதி 40 சதவீதம் விவசாயிகளுக்குத்தான் போகிறது: மக்காச்சோளம் அறுத்த பிறகு வயலைச் சும்மா போடாமல் ரை, கோதுமை, பார்லி விதைத்தால் பணம் கொடுக்கிறார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் குளிர்கால மழை அடித்துக்கொண்டு போவதற்குள் அந்தப் பயிர் உறிஞ்சிக்கொள்கிறது. விரிகுடாவின் கிழக்குக் கரையில் கோழிப் பண்ணைகள் ஏராளம், கோழி எருவைப் போட்டுப் போட்டு மண்ணில் பாஸ்பரஸ் ஏறிப்போன வயல்கள் நிறைய. அங்கே எரு போடுவதைக் கட்டுப்படுத்தும் விதி 2015இல் வந்தது. இருந்தாலும் பண்ணையாருக்குப் பணம் கொடுத்துக் கெஞ்சுகிறார்கள், வீட்டுக்காரருக்கு உத்தரவு போடுகிறார்கள் என்ற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானும் அந்தக் கட்சிதான்.

செப்டிக் டேங்கில் மாதாமாதம் போடச் சொல்லி பாக்டீரியா பொடி விற்கிறார்கள். போட்டால் நைட்ரஜன் குறையுமா?
– வாசகர், நியூஜெர்சி

குறையாது. தேவையான பாக்டீரியா உங்கள் கழிவிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறது. அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கசடை எடுக்கச் சொல்லுங்கள். சமையல் எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள், ஈரத் துடைப்பத் தாள்களை உள்ளே விடாதீர்கள், அதன் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

புல்தரைக்கு உரம் போட மேரிலாந்தில் ஏதோ தடை உண்டாமே?
– வாசகர், ஃபிரடெரிக் (இவருடையதே இரண்டாவது கேள்வியும்)

2011இல் சட்டம், 2013 அக்டோபரிலிருந்து அமல். நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் புல்லுக்கு உரம் போடக் கூடாது. பாஸ்பரஸ் உள்ள உரம், மண் சோதனையில் தேவை என்று வந்தால் மட்டும். பலத்த மழை வரும் என்று சொல்லியிருக்கும்போது போடக் கூடாது, தண்ணீரை ஒட்டிப் போடக் கூடாது. இவை சின்ன விதிகள், செலவே இல்லாதவை, முதலில் செய்ய வேண்டியவை.

இத்தனை சட்டத்துக்கும் பலன் கிடைத்ததா, இல்லையா?
– வாசகி, திருச்சி

சுத்திகரிப்பு நிலையங்களில் கிடைத்தது. செசபீக் பகுதி முழுவதற்கும் 2025 என்று வைத்திருந்த கழிவுநீர் இலக்கைப் பத்து ஆண்டு முன்பாகவே எட்டிவிட்டதாக மத்திய சுற்றுச்சூழல் முகமை 2016இல் அறிவித்தது. பணம், காலக்கெடு, அளவு மூன்றும் ஒன்றாக இருந்ததால் நடந்தது.

அதற்காக மூச்சுவிட்டு உட்கார முடியாது. பால்டிமோரின் பேக் ரிவர் நிலையம் அதே நிதியில் மேம்படுத்தப்பட்டதுதான். பராமரிப்பும் ஆட்களும் போதாமல் அங்கே நிலைமை கெட்டு, 2022 மார்ச்சில் மாநில அரசே உள்ளே நுழைந்து நடத்த வேண்டியதாயிற்று. கருவி வாங்கப் பணம் கொடுக்கிற சட்டம் அதை ஓட்டுகிற ஆளுக்கும் வழி சொல்ல வேண்டும்.

செப்டிக்கில் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கிறது, நடுவில் பின்வாங்கலும் நடந்தது. 2013 முதல் விரிகுடாவுக்குத் தண்ணீர் போகும் பகுதி முழுவதிலும் புதிய வீடுகளுக்கு நைட்ரஜன் நீக்கும் கருவி கட்டாயம் என்று இருந்தது. 2016இல் அப்போதைய ஆளுநர் லாரி ஹோகனின் அரசு அதைக் கரையோரப் பகுதிக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. வீடு கட்டும் செலவு கூடுகிறது என்பது அவர்கள் வாதம். புது வீடு கட்டும்போதே வைப்பதுதான் மலிவு, இருபது ஆண்டு கழித்து முற்றத்தைத் தோண்டி வைப்பது அதைவிடச் செலவு. அந்த முடிவு தவறு என்றே நினைக்கிறேன். 2025 கெடு வந்து போய்விட்டது, விரிகுடா மொத்தத்துக்கான நைட்ரஜன் இலக்கை எட்டவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணம். வீட்டுக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் அதிக தூரம் இல்லை, பக்கத்திலேயே வெங்காயத் தோட்டம். அமெரிக்கச் சட்டம் எங்களுக்கு என்ன சொல்கிறது?
– வாசகர், சுன்னாகம்

சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, நிலம் பொருந்தும். குடாநாட்டு நிலமும் ஃபுளோரிடா மாதிரியே சுண்ணாம்புக்கல், வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மலக்குழியில் இருந்து இறங்குவதும் தோட்டத்தில் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காமல் விட்டதும் தடையில்லாமல் கிணற்றுக்கு வந்துவிடும். குடாநாட்டுக் கிணறுகளில் நைட்ரேட் கூடுதல் என்பது நீண்ட காலமாகப் பேசப்படுவது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அதைத் தாண்டினால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு. இரத்தம் ஆக்சிஜனை எடுத்துச் செல்ல முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும்.

அடியில் தளம் போடாத திறந்த குழியை விட, அடியும் பக்கமும் பூசிய டேங்க் நல்லது, ஆனால் மேலே அனாபொலிஸ் வாசகிக்குச் சொன்னதுபோல் அதன் வெளியேறும் நீரிலும் நைட்ரஜன் இருக்கும், எனவே அந்த நீர் இறங்கும் இடத்தைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். காணி சிறியது என்றால் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்றும் பாருங்கள், அண்டை வீட்டாரோடு சேர்ந்து பேசாமல் இது ஆகாது. உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போட்டால் தோட்டத்திலிருந்து இறங்குவது குறையும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியிலும் போகாது. அதனால் மாரி மழைக்கு முன் ஒரு தரமும் பின் ஒரு தரமும் கிணற்று நீரை நைட்ரேட்டுக்கென்றே சொல்லிச் சோதிக்கக் கொடுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முடிவு கைக்கு வரும்வரை பால்மா கரைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள்.